இடம் மாறிய கொம்பு

திரையைப் பார்க்காமலேயே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் ராஜமேரி. கை விசைப்பலகையில், கண் தெருவில். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சொல்லச் சொல்ல, இறந்துபோன ஒருவரின் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். “கொள்ளுப்பேரன் யாராச்சும் உட்டுப்போச்சா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. அப்பறம் காரியத்தன்னிக்கு, எங்கூட்டுப் பையன் பேரு வரலன்னு அடிச்சிக்குவீங்க.” யோசிக்க அவருக்கு அவகாசம் கொடுத்துவிட்டு, டம்ளரில் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடிக்கிறார்.

பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே செருகி வைத்ததுபோல இருக்கிறது அவர் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுப்பது தொழில். அச்சடிப்பது தருமபுரியில். ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கருப்புக் கயிறு, அதோடு சேர்த்து ஒரு பென்டிரைவ்.

முதல்முறை வருகிறவர்கள் திரையைப் பார்த்துக் கொஞ்சம் முழிப்பார்கள். ஒவ்வொரு சன்னலின் தலையிலும் மஞ்சளாக ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும். மூலையில் ஓர் இலை. “என்னக்கா, எங்க ஆபீஸ்ல இருக்கிற மாதிரி இல்லியே?” என்று கேட்டால், “இல்லதான்” என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. பல நாடுகளில் இருக்கிற சில நூறு பேர், சம்பளம் எதுவும் வாங்காமல், ஓய்வு நேரத்தில் எழுதி எழுதிச் சேர்த்துவருகிற இயங்குதளம் அது. நிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அதை நம்பி அன்றாடப் பிழைப்பை நடத்துகிற ஆள் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அதன் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. ‘எலைக் கம்ப்யூட்டர்’ என்றார்கள். கடை ‘எலைக்கடை’ ஆயிற்று. முகூர்த்த நாட்களில் வெளியூர்க்காரர் யாராவது வந்து வாழையிலைக் கட்டு கேட்பதும், ராஜமேரி தலையை நிமிர்த்தாமல் மார்க்கெட் பக்கம் கை காட்டுவதும் உண்டு.

இந்தக் கடை போடுவதற்கு முன்னால் அவர் தருமபுரியில் ராஜப்பன் என்பவருடைய கடையில் வடிவமைப்பாளராக இருந்தார். அங்கே எல்லாம் திருட்டு மென்பொருள். ஒருநாள் காலையில் கணினியைத் திறந்தால், அத்தனை வருடத்துப் படங்களும் பூட்டிக்கொண்டு கிடந்தன. வைரஸ். ராஜப்பன் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் கத்தினார்: “பொம்பள கைய வெச்சாலே இப்பிடித்தான். எதையாச்சும் அமுத்தி வெச்சிருப்ப.” ராஜமேரி சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். “திருட்டுச் சாவி போட்டுக் கதவத் தொறந்தது நீங்க. திருடன் உள்ள வந்ததுக்கு நான் பொறுப்பா?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கியவர் பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

பெங்களூரிலிருந்து பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிவந்தார் கணவர் இன்னாசி. லாரி பட்டறைக்காரர், எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். அதைக்கூடத் தட்டித்தான் வாங்கினார். திறந்து முடிப்பதற்குள் சோறு வெந்துவிடும். அந்த நாட்களில்தான் யூடியூபில், அதே மாதிரி லேப்டாப்பில் இந்த இலையை ஏற்றி, ஒரு வெள்ளைக்காரன் கண்மூடித் திறப்பதற்குள் திறந்து காட்டுவதை ராஜமேரி பார்த்தார். “அவன் பேசுனது ஒரு வார்த்த புரியல. பொட்டி தொறந்துச்சே, அது புரிஞ்சிது.” அவன் செய்ததைப் பார்த்துப் பார்த்து, தப்பும் தவறுமாக, தானே ஏற்றினார்.

இலை அப்படியொன்றும் சமர்த்துப் பிள்ளை இல்லை. வைஃபை பிடிக்காது, சன்னல் கம்பி வழியாக ஒயர் இழுத்திருக்கிறார். பிரிண்டரோடு சண்டை. சில நாள் நட்டநடு வேலையில் அப்படியே நின்றுவிடும். அப்போது ராஜமேரி அதைத் திட்டுகிற வார்த்தைகளைப் பத்திரிகையில் போட முடியாது. ஆனால் வேறு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு. “எம் பொட்டி. நான் திட்டுவேன். நீங்க யாருங்க?”

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கொம்பு. ‘கெ’, ‘கே’, ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கும். கணினிக்குள் அது எழுத்துக்குப் பின்னால்தான் பதிந்திருக்கும். திரைக்கு வரும்போது முன்னால் இழுத்து நிறுத்த வேண்டியது இயங்குதளத்தின் வேலை. இலைக்கு அது தெரியவில்லை. போஸ்டர் வடிவமைக்கிற மென்பொருளில் தமிழ் ஒழுங்காக இருக்கும். கோப்புகளின் பெயர்களில் மட்டும் கொம்பெல்லாம் கழன்று, புள்ளி வட்டம் ஒன்றை இடுக்கிக்கொண்டு, அடுத்த எழுத்தின் தலைமாட்டில் நிற்கும். அவருடைய பெயரையே ‘ராஜமரே’ என்றுதான் படிக்கத் தோன்றும். இலையைச் செய்கிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் இதை எழுதிப் போட்டார். தமிழில் பயன்படுத்துபவர்கள் அநேகமாக இல்லை, இப்போதைக்கு முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. “ஒருத்தி இருக்கேனே, அது கணக்குல வராதா?” என்று இன்னாசியிடம் பொருமினார். பொருமியதோடு சரி. உடைந்த பெயர்களைப் படிக்கக் கண்ணைப் பழக்கிக்கொண்டார்.

பழகிய கண்தான் காலை வாரியது.

இண்டூரில் இரண்டு முனிராஜ்கள். ஒருவர் பொ. முனிராஜ், அன்று விடியற்காலை இறந்துபோயிருந்தார். இன்னொருவர் பெ. முனிராஜ், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். புது வீட்டுக்குக் கிரகப்பிரவேச பேனர் போட, தன் போட்டோவை முந்தின நாள்தான் அனுப்பியிருந்தார். இருவரையும் ராஜமேரி நேரில் பார்த்ததில்லை. திரையில் இருவருடைய போட்டோக் கோப்புகளும் ஒரு ‘ப’, ஒரு புள்ளி வட்டம், ஒரு கொம்பு என்று நின்றன. ஒன்றில் மட்டும் கூடுதலாக ஒரு துணைக்கால். சாவு வீட்டிலிருந்து போன்மேல் போன். அவசரத்தில் காலைக் கவனிக்கவில்லை. இறந்தவரின் பெயருக்கு மேலே, புது வேட்டி கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார் கண்டக்டர். மாதிரியைப் பார்க்கச் சொல்லி ராஜமேரி அனுப்பியிருந்தார்; சாவு வீட்டில் யார் பார்ப்பது? போஸ்டர் ஒட்டுகிறவருக்கு முகம் தெரியாது. இண்டூர் சுவரெல்லாம் ஏறிவிட்டது.

கண்டக்டர் வீட்டுக்கு மாலையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்தவரே அவர்தான்.

விஷயம் தெரிந்ததும் ராஜமேரி கடையைச் சாத்தவில்லை, போனையும் அணைக்கவில்லை. சரியான படத்தைப் போட்டு அச்சடிக்க அனுப்பிவிட்டு, இன்னாசியின் வண்டியில் நேராக இண்டூர் போனார். சுவர் சுவராகக் கிழித்தார். நகம் பெயர்ந்தது. கடைசியாகச் சாவு வீட்டின் பக்கத்துச் சுவருக்கு வந்தபோது, இறந்தவரின் மகள் பானுமதி எழுந்து வந்தாள். கத்தவில்லை. “எங்கப்பனுக்குன்னு இதுவரைக்கும் எதுலயும் ஒரு போட்டோ வந்ததில்லக்கா. இதுலதான் மொதத்தடவ. இதுலயும் மூஞ்சி இல்லாமப் பண்ணிட்டீங்களே” என்றாள்.

ராஜமேரி கிழித்த காகிதத்தைக் கீழே வைத்தார். “தப்பு என்னுதுதான், சாமி. கம்ப்யூட்டர் மேல போட மாட்டேன்” என்றார். புதுப் போஸ்டர்கள் வந்ததும் பசை வாளியைத் தானே தூக்கிக்கொண்டு, கிழித்த இடத்திலெல்லாம் தன் கையாலேயே ஒட்டினார். பொ. முனிராஜ் ஒட்டிய கன்னமும் இறுக்கமான வாயுமாக ஊரைப் பார்த்தார்.

மறுநாள் கடை வாசலில் கூட்டம். கண்டக்டரின் மனைவி சின்னம்மாள் வண்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார். “தாலிய அறுத்துட்டாளேன்னு எங்க நாத்தனார் வந்து கட்டிப் புடிச்சி அழுவுறா! இந்தாளு உள்ள பல்லு வெளக்கிக்கினு இருக்கறாரு! இந்தக் கருமத்த இப்பவே ரோட்டுல போட்டு ஒட, நான் பாக்கணும்.”

“மேரி, சொல்றாங்க இல்ல? கடாசிட்டு ஊரு உலகத்துல இருக்கறத வாங்கிக்கலாம்” என்றார் இன்னாசி, அவர் பங்குக்கு.

ராஜமேரி லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “உங்க கால்ல உழச் சொல்லுங்க, உழறேன்க்கா. கண்ணுல கோளாறு, அவசரத்துல கோளாறு, அது என்னுது. ஆனா இத ஒடைக்க மாட்டேன். மாடு முட்டிடுச்சின்னா மாட்டையேவா விப்பாங்க? கொம்பத்தான் சரி பண்ணணும்.”

“எவன் வந்து சரி பண்ணுவான் ஒனக்கு?”

“பண்ண வெக்கறேன்.”

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து செருமல் கேட்டது. கண்டக்டர் முனிராஜ். “செத்தவன் வந்து இம்மா நேரமா நிக்கறேன். ஒரு ஸ்டூல் போட மாட்டீங்களா?”

அவர்தான் மிச்சக் கதையை நகர்த்தியது. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, நடந்தது என்ன என்று முழுசாகக் கேட்டார். இனிஷியல் விவகாரம் புரிந்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தார். “பஸ்சுல கூட எனக்கு இப்பிடி ஆளு மாறினதில்லம்மா.” ராஜமேரி தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். ஒட்டாமல் மிஞ்சியிருந்த ஒரு போஸ்டரைப் பிடித்துக்கொண்டு, அதிலிருக்கிற தன் முகத்தை விரலால் சுட்டிக்காட்டியபடி கண்டக்டர் நிமிர்ந்து நின்றார். பெயர் மட்டும் தெரியாதபடி மடித்துப் பிடிக்கச் சொன்னார் ராஜமேரி. “அது இன்னொருத்தருக்குச் சொந்தம்ணா.”

போனில் எடுத்த அந்தப் படத்தோடு, இலை செய்கிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில், தனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். உங்கள் எழுத்து இவரைச் சாகடித்தது. செத்தவருக்கு முகம் இல்லாமல் போனது. நான் வேறு கம்ப்யூட்டர் வாங்க மாட்டேன். நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.’

முதலில் சிரிப்புப் பொம்மைகளாக வந்தன பதில்கள். அவற்றுக்கு நடுவே பின்லாந்திலிருந்து ஒருவர், இரண்டு எழுத்துகளுக்கும் என்ன வித்தியாசம், வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டார். ராஜமேரி ஒரு வெள்ளைத்தாளில் பட்டை பேனாவால் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். அந்த மனிதர் திருத்திய நிரலைச் சோதனைக்கு அனுப்புவார்; இவர் ஏற்றிப் பார்த்து, ‘கொ சரி, கோ தப்பு’ என்று திருப்பி அனுப்புவார். மழைக்காலம் முழுக்க இது நடந்தது. ஒருமுறை கொம்பு சரியாகி, கால் காணாமல் போயிற்று. ஒருமுறை எல்லாமே காணாமல் போய், இலையைப் புதிதாக ஏற்ற வேண்டியதாயிற்று. இண்டூர் வேலைகள் பாதி வேறு கடைக்குப் போய்விட்டன, இன்றுவரை திரும்பவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், “போவட்டும். போறவங்களக் கட்டியா வெக்க முடியும்?” என்கிறார், சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குகிறது.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம், புதிதாக வந்ததை ஏற்றித் திறந்தார். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. மேலிருந்து கீழ்வரை வாய்விட்டுப் படித்தார். பெருமாள். கோவிந்தம்மாள். சேட்டு. ஒவ்வொருவரும் அவரவர் கொம்போடு. உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்னம்மா செபமா என்று கேட்டார். “ஆமாங்க” என்றார் ராஜமேரி.

பொ. முனிராஜின் வருடாந்திர நினைவஞ்சலி போஸ்டருக்கு இந்த முறை பானுமதியே நேரில் வந்தாள். அருகில் உட்கார்ந்து, படம் ஏறுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரியா இருக்குதுக்கா” என்றாள்.

போன வாரம் ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் பிளசி லீவில் வந்திருந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, பளபளவென்று ஒரு புது லேப்டாப்பைக் கடை மேசையில் வைத்தாள். “இதுல எல்லாம் ஒழுங்கா ஓடும்மா. ஒயர் வேணாம், ஒன்னும் வேணாம். தயவுபண்ணி இனிமே இதுலயே வேல செய்யி.” ராஜமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதன் மேல்மூடியைத் தடவிப் பார்த்தார். தூக்கிக் கனம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “நல்லா இருக்குதுடி தங்கம். ரொம்ப நல்லா இருக்குது” என்றார்.

பிறகு கழுத்துக் கயிற்றோடு குனிந்து, இலை குடியிருக்கும் பென்டிரைவைப் புது லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினார். “அம்மா, வேணாம்மா, அம்மா…” என்று பிளசி எழுவதற்குள், ஒரு விரலால், பென்டிரைவிலிருந்து திறக்கவைக்கும் எஃப் டுவெல்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் பவர் பொத்தானைத் தட்டினார்.