துடைக்கக் கூடாத பொட்டு

போனது போகட்டும் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. போனது எப்படிப் போகும்? எழுபதுகளில் செங்கல்பட்டில் ஓர் அரிசி மில் முதலாளியிடம் என் வீட்டுக்காரர் டிரைவராக இருந்தார். அதே வீட்டில் எனக்குச் சமையல் வேலை. அந்த முதலாளியும் அவர் மச்சானும் என் வீட்டுக்காரருக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

முதலாளிக்குப் பெண்டாட்டி பிள்ளையைவிடக் கார்தான் உசத்தி. தயிர் நிறத்தில் புது அம்பாசிடர். காலையில் பல் துலக்கும் முன்பே வெயிலுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கதவு கதவாகப் பார்ப்பார். பெயிண்டுக்கு அடியில் ஒரு தூசி மாட்டியிருந்தால் போதும், அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். மகாபலிபுரம் போய் வந்தால் உப்புக்காற்று பட்டிருக்கும். என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்கும் முன் காரைக் கழுவியாக வேண்டும். கழுவினார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு மகாபலிபுரம் போனார்கள். புளிசாதத் தூக்கோடு நானும் போனேன். முதலாளி அம்மாவின் தம்பி, அதாவது அந்த மச்சான், போட்டோ பிடிக்க வேண்டுமென்று பானெட் மேல் ஏறி உட்கார்ந்தார். அவர் பேண்ட்டின் பின் பாக்கெட்டில் பித்தளைப் பொத்தான் இருந்தது. போட்டோ முடிந்ததும் சர்ரென்று சறுக்கி இறங்கினார். பானெட்டில் விரல் நீளத்துக்குக் கீறல். நான் பார்த்தேன், என் வீட்டுக்காரரும் பார்த்தார்.

கடலில் கால் நனைத்துவிட்டு வந்த முதலாளியின் கண்ணில் முதலில் பட்டதே அதுதான்.

“இன்னாடா இது? கண்ண பொடனியில வெச்சிகினு தொடைக்கிறியா?”

சங்கு மணி விற்கிறவர்கள், வலை உலர்த்துகிறவர்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் வேர்க்கடலைத் தோலை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்தார். கீறலை மறைக்கிற காம்பவுண்ட் பசையை எடுத்து, நட்டநடு வெயிலில் எல்லார் முன்னாலும் நின்று தேய்த்தார். கீறல் மங்கியது, போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“இன்னாயா, வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு நின்னே?”

“அவரு மச்சான சொன்னா நாளிக்கு வேல இருக்குமா? வுடு.”

விடவா? முதலாளி விட்டாரா? அன்றிலிருந்து யார் வந்தாலும் பானெட் பக்கம் அழைத்துப் போய், “இது நம்ம டிரைவர் போட்ட கையெழுத்து” என்று காட்டிச் சிரிப்பார். மச்சானும் வெட்கமில்லாமல் கூடச் சிரிப்பார். ஊரில் ஒரு டாக்டர், டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரைக் கேட்கத்தான் வந்தார். அவரிடமும் கையெழுத்தைக் காட்டினார் முதலாளி. டாக்டர் வந்த பேச்சை எடுக்காமலே போய்விட்டார். பெயர் கெட்ட டிரைவருக்கு யார் கார் கொடுப்பார்கள்? இருங்கடா, வைக்கிறேன் உங்களுக்கு என்று கறுவிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அது தானாக உதிர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். துடைத்தால் தொழில் படுத்துவிடும் என்று முதலாளி நடுங்குவார். காருக்குப் பொட்டு வைக்கும் மரியாதை மச்சானுக்கு. பொட்டைக் குழைத்துக் கொடுப்பது நான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துவிடும், அதுதான் அங்கே பொட்டு. மற்ற வருஷம் கிள்ளிப் போட்ட சுண்ணாம்பை அந்த வருஷம் அள்ளிப் போட்டேன். கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, காரம் அதிகம். வெள்ளையடித்தபோது எங்கள் தகரப்பெட்டி மேல் சொட்டிப் பெயிண்ட்டையே உரித்துப் போட்ட அதே சுண்ணாம்பு.

மச்சான் மூன்று விரலால் வழித்து, பானெட் நடுவில் பட்டை பட்டையாக அப்பினார்.

“இன்னாமே, வெரலு எரியுது?”

“புது மஞ்சளுங்க” என்றேன். எரியட்டும், நன்றாக எரியட்டும்.

மறுநாளிலிருந்து பொட்டு வெயிலில் காய்ந்தது. என் வீட்டுக்காரர் துணியோடு போனபோது, “பொட்டாண்ட கைய வெக்காத!” என்று முதலாளியே அதட்டினார். அடுப்படியில் இருந்த எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

தீபாவளிக்கு முன் பிடித்த மழையில் பொட்டு கரைந்தது. அடியில் மூன்று விரல் தடம், பெயிண்ட் செத்து, தேமல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. முதலாளி குனிந்தார், ஒரு கண்ணை மூடினார், தடவித் தடவிப் பார்த்தார். காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் கை ஓயத் தேய்த்தும் அது அசையவில்லை. யாரைத் திட்டுவது? பொட்டு வைத்தது மச்சான், தொடாதே என்றது முதலாளியே. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு ஒரு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

தீபாவளியன்று டாக்டர் பலகாரத்தோடு வந்தார். பானெட்டைப் பார்த்துவிட்டு, “என்ன, இதுவும் உங்க டிரைவர் கையெழுத்தா?” என்றார்.

முதலாளி பலகாரத் தட்டை வாங்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். மச்சான் பக்கத்திலேயே நின்றார். நான் கதவோரம் நின்று என் வீட்டுக்காரரை முறைத்தேன். இப்போதும் பேசாவிட்டால் வீட்டுக்கு வா, இருக்கிறது உனக்கு என்று அர்த்தம்.

அவர் பேசினார்.

“இது மொதலாளி மச்சான் வெச்ச பொட்டுங்க. அந்தக் கீறலு, அவரு போட்டோ புடிக்க மேல குந்திகினு, சறுக்கி எறங்கசொல்ல வுழுந்துச்சுங்க. ரெண்டும் அவரு கைங்கரியந்தாங்க.”

மச்சானின் கை தானாகப் பின் பாக்கெட்டைத் தடவியது. முதலாளி அதைப் பார்த்தார், டாக்டரும் பார்த்தார்.

“சாவிய வெச்சிட்டு வெளிய போடா!” என்று கத்தினார் முதலாளி.

என் வீட்டுக்காரர் சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. பானெட் மேல் வைத்தார். சும்மா வைத்தாரா? முன்விளக்கிலிருந்து முன்கண்ணாடி வரைக்கும் சாவியாலேயே கர்ரென்று கீறி இழுத்து வைத்தார். அதைப் பார்த்த பிறகும் டாக்டர் மறுவாரமே அவரை வேலைக்குக் கூப்பிட்டு ஆளனுப்பினார். கடைசிவரை அந்த டாக்டர் காரில் ஒரு கீறல் விழவில்லை. என் வீட்டுக்காரர் தன் ஆயுசில் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.