கொடுக்க மறுத்த எண்

நான்காண்டுகளுக்கு முன்னர், ஒரு புதன்கிழமை காலையில், அறந்தாங்கிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரின் துணை சுகாதார நிலையத்தில் நான் செய்த பிழை இது. மகன் வளைகுடா நாட்டில் பணிபுரிவதால், ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகளைப் பரிசோதனைக்கு நானே அழைத்துச் சென்றிருந்தேன்.

செவிலியர் இரத்தம் எடுத்தபின் கைபேசி எண்ணைக் கேட்டார். மருமகள் வாய் திறக்குமுன் நான் குறுக்கிட்டேன்.

“பொம்பளப் புள்ள நம்பரு எதுக்கும்மா? மகன் நம்பரப் போட்டுக்கங்க.”

“ஏங்கய்யா, நாங்க என்ன லோனு வேணுமான்னா கேக்கப் போறோம்?” என்று சிரித்தவாறே, நான் சொன்ன எண்ணைப் பதிந்துகொண்டார்.

எங்கள் வீட்டில் பெண்களின் எண்ணை வெளியாரிடம் கொடுப்பதில்லை. நானோ கைபேசி வைத்துக்கொள்பவனல்லன். மகன் அயல்நாட்டில் வேறு எண் வைத்திருப்பதும், நான் சொன்ன எண்ணின் சிம் அலமாரியில் கிடப்பதும் எனக்கு நன்கு தெரியும். பதிவேட்டின் கட்டத்தை நிரப்ப ஏதேனும் ஓர் எண் போதும் என்றே கருதினேன்.

மறுநாள் மருமகளைக் கீரனூரிலுள்ள தாய்வீட்டிற்கு அழைத்துச் சென்ற நான், சில நாள் அங்கேயே தங்கிவிட்டேன். அதற்குள் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. நிலைமை சரியில்லை, தாமதமின்றிப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று தெரிவிக்கச் செவிலியர் பலமுறை அழைத்திருக்கிறார். நேரில் வந்தும், பூட்டிய கதவைக் கண்டு திரும்பியிருக்கிறார். ஐந்தாம் நாள் மருமகளுக்கு வலிப்பு வந்தது. புதுக்கோட்டை மருத்துவமனையில் அவளைக் காப்பாற்றினார்கள்; குழந்தையைக் காப்பாற்ற இயலவில்லை.

செவிலியர் அந்த எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்ததை அறிந்தபோது மருமகள், “ஏம் போனு எங்கையிலதான மாமா இருந்துச்சு” என்றாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துக்கம் விசாரிக்க வந்த செவிலியரோ, “நானும் அங்கனயே ஒரு தடவ அந்த நம்பருக்குப் போட்டுப் பாத்திருக்கணுங்கய்யா” என்று கண் கலங்கினார். இப்பொழுதெல்லாம் எண்ணைப் பதிந்தவுடன் அழைத்து, எதிரிலிருப்பவரின் கைபேசி ஒலித்த பின்பே அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.

மருமகள் மீண்டும் கருவுற்றபோது தன் எண்ணைத் தானே சொன்னாள். நான் வெளியிலேயே நின்றுகொண்டேன். பேத்தி பிறந்து வீடு நிறைந்த பின்னரும், கௌரவமென எண்ணி நான் மறைத்த பத்து இலக்கங்களால் ஒரு பிள்ளையின் முகத்தைக் காணாது போனோம் என்பதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.