லோகன் அங்கிளின் வெள்ளிக்கிழமை வாசம்

"தங்கச்சி, என் மேல வேற வாசம் ஏதாச்சும் வருதா?"

சட்டைக் காலரை விரலால் விலக்கி, உள்பக்கம் ஒரே ஒரு முறை அடித்துக்கொண்ட பிறகு லோகன் அங்கிள் கேட்டார். கிள்ளானில் ஒரு பேரங்காடி. அதில் வாசனைத் திரவியம் விற்கும் கவுண்டரில் நான் நின்றிருந்தேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு, குளித்த தலை காயாமல், கோயிலுக்குப் போகும் வழியில் வருவார். ஆண்களுக்கான வரிசையில் மூன்றாவதாக இருக்கும் சதுரப் போத்தல்தான் அவருக்கு வேண்டும். அதன் விலைச்சீட்டை அவர் திருப்பிப் பார்த்ததே இல்லை. இலவசமாக அடித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரை எடுக்குமுன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். மணிக்கட்டில் அடிக்க மாட்டார். "கையில அடிச்சா கழுவுனா போயிரும் லா. காலர்ல அடிச்சா பூசை முடியற வரைக்கும் நிக்கும்."

அந்தத் திரவியத்தைப் பற்றி ஒரு பக்க விளக்கம் கொடுத்து எங்களை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். லோகன் அங்கிள் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மொதல்ல லிமாவ், அப்புறம் பூக்கடை, கடைசியில பலகைக்கடை." லிமாவ் என்றால் எங்கள் பக்கம் எலுமிச்சை. பிறகு நானும் வாடிக்கையாளர்களிடம் அதையே சொன்னேன். இரண்டு போத்தல் விற்றது. அவரிடம் சொன்னபோது, "அப்ப என் கமிஷன் எங்க?" என்றார், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

பக்கத்து கவுண்டர் ரமணி அக்கா, அவர் தலை தெரிந்ததும், "உன் லிமாவ் அங்கிள் வராரு, எந்திரி" என்று கிண்டல் செய்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குக் கழிவுத் தொட்டி உறிஞ்சும் லோரி வந்தது. பின்சந்தில் மூடியைத் திறந்து தடித்த குழாயை இறக்கிக்கொண்டிருந்தவர் லோகன் அங்கிள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவரிடம் நாற்றம் அடித்தது. அதற்கு முந்தைய எட்டு வெள்ளிக்கிழமைகளில் அடிக்காத நாற்றம். அதே ஈரத் தலைதான், அதே இஸ்திரி போட்ட சட்டைதான். என் மூக்குக்கு அதை என் கண்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்று பார்த்துத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மகளுக்கு நிச்சயம். ரவாங்ல, ஏசி ஹாலு. தட்டு மாத்தறப்ப சம்பந்தி பக்கத்துல உக்காரணும். வீட்டுல கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. நீதான மூக்க வச்சிப் பொழைக்கிற, உண்மைய சொல்லு."

என் கை தாடையில் கிடந்த முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார். போத்தலின் பெயர் முன்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தார். "சரி மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளும் அவர் வரவில்லை. நான்காவது வாரம் எங்கள் பக்கத்து வரிசைக்கு லோரி வந்தது. ஓடிப்போய், "அங்கிள், நிச்சயம் நல்லா நடந்துச்சா?" என்று கேட்டேன்.

"நடந்துச்சு மா. மாப்பிள்ள நல்ல பையன், ஷா ஆலம்ல வேலை. தட்ட என் தம்பி மாத்துனான். நான் பின்னால சாப்பாட்டுப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டேன். ஏசி லா, கதவெல்லாம் சாத்தியிருந்துச்சு."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. குழாயின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொன்னார். தட்டு மாற்ற வேண்டியவர் அப்பா. அவரை எழுந்து பின்னால் போக வைத்தது என் கை.

மன்னிப்புக் கேட்க ஓரடி முன்னால் வைத்தேன். லோகன் அங்கிள் கையை உயர்த்தி நிறுத்தினார். சந்தோரத்து மாமரத்தின் இலைகள் எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு குழாயை இழுத்துக்கொண்டு லோரியைச் சுற்றிப் போய், காற்று என்னிடமிருந்து அவரிடம் வீசும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இப்ப சொல்லு மா."

இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். சொல்லும்போது நான் செய்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள்.