தாம்போதியில் இறங்கும் இரஞ்சிதம்

வேலணைக்கு வந்து சேர்ந்த அன்றே இரஞ்சிதம் கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். மிச்சத்தை முற்றத்தில் ஊற்றினாள். "இது தண்ணியில்லை, மருந்து" என்றாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. பதுளையில் பிறந்து, பதுளைக் குளிரிலேயே அறுபது வயதைத் தொட்டவள். தாய் தகப்பன் வேலணைச் சனந்தான். கடை போடப் போன இடத்தில் பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளையை இன்னொரு வேலணைக் கடைக்காரருக்கே கட்டிக் கொடுத்தார்கள். அவர்தான் கனகசபை. அவர் சின்ன வயதில் இந்த மண்ணில் ஓடித் திரிந்தவர். கடையை மகள் கஜாலினியிடமும் மருமகனிடமும் கொடுத்த கையோடு, "இனி என்ர கட்டை வேலணையிலதான் வேகவேணும்" என்று வெளிக்கிட்டுவிட்டார்.

இரஞ்சிதம் சும்மா வரவில்லை, ஒரு பேச்சுப் பேசித்தான் வந்தாள். ஆவணி வரைக்கும் இருந்து பார்ப்பாள். அதற்குள் இந்தத் தீவுகளில் அவளுக்குப் பிடித்த பச்சையான ஓர் இடத்தையாவது அவர் காட்டவேண்டும். காட்டினால் இருப்பாள். இல்லையென்றால் இரண்டு பேரும் பதுளைக்கே திரும்பவேண்டும்.

"ஒரு இடம் போதுமோ?" என்று கனகசபை சிரித்தார்.

"முதல் ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்."

அவர் முதலில் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். போனது ஞாயிற்றுக்கிழமை. வான், பஸ்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த சனம் கடற்கரை நிறைய. "காத்து எப்பிடி?" என்று கேட்டார். "காத்து நல்லாத்தான் இருக்கு. சனம் சோறு திண்டுபோட்டு எறிஞ்ச லஞ்ச் சீற்றுத் தாளும் நல்லாத்தான் பறக்குது" என்றாள்.

பிறகு குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு. கடல் அவளைப் புரட்டி எடுத்துவிட்டது. வாந்தி எடுத்த முகத்தோடு பேர்போன பெருக்கு மரத்தின் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். வெளியே வந்து, "பெரிய மரம். பாத்தாச்சு" என்றாள். தீவில் கட்டாமல் திரிகிற குதிரைகள் காய்ந்த புல்லில் நின்றன. "பாவங்கள், அதுகளும் என்னைப்போலத்தான் பச்சையைத் தேடுதுகள்" என்றாள்.

அன்று திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. பஸ் புங்குடுதீவைக் கடந்து, இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற தாம்போதி வீதியில் ஏறியது. கனகசபை நித்திரை. இரஞ்சிதம் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தாள். உப்புத் தண்ணீருக்குள், முழங்கால் ஆழத்தில், ஒரு பற்றைக் காடு நின்றது. அந்தப் பச்சை என்ன பச்சை! ஓர் இலை வாடியிருக்கவேண்டுமே!

அவளுக்குக் கோபந்தான் வந்தது. பதுளையிலிருந்து கொண்டுவந்து போட்ட போஞ்சி விதை, கிணற்றின் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீருக்கே முளைத்த கையோடு கருகிப் போயிருந்தது. லீக்ஸும் அப்படித்தான். வெறும் சவருக்கே அவை செத்தன. அப்படியானால் கடலுக்குள் நிற்கிற உனக்கு யார் நல்ல தண்ணீர் ஊற்றுகிறது?

பக்கத்தில் இருந்த மனுஷனை எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால், "பிடிச்சிருக்கோ?" என்பார். அவருக்கு வெற்றி கொடுக்க அவள் ஆயத்தமில்லை. வாயை மூடிக்கொண்டு வீடு வந்தாள்.

ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மீன் கழுவும்போதும் வந்தது, உடுப்புத் தோய்க்கும்போதும் வந்தது. வெள்ளிக்கிழமை விடியத் தலை தோய்ந்து, திருநீறு பூசி, "நயினாதீவு அம்மனிட்டப் போட்டு வாறன்" என்றாள். கனகசபைக்கு ஆச்சரியம்.

"கடல் ஒத்துவராதெண்டனீர்?"

"அம்மனிட்டப் போறதுக்கு ஒத்துவரும்."

குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறி, தாம்போதி நடுவில் மணியை அடித்து இறங்கினாள். கண்டக்டர் இறங்கின இடத்தையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். பஸ் போய்விட்டது. வெயிலும் காற்றும் அவளுந்தான்.

கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு உலகம். மரத்தடிச் சேற்றிலிருந்து விரல் விரலாய் ஏதோ மேல்நோக்கி முளைத்திருந்தது. குச்சி குத்தி வைத்தார்களோ என்று பிடுங்கிப் பார்த்தாள், வரவில்லை. அது வேர். மண்ணுக்குள் போகிற வேரைக் கண்டிருக்கிறாள். மண்ணிலிருந்து வானத்துக்கு வருகிற வேரை அன்றுதான் கண்டாள். சிவப்புக் கால் நண்டொன்று அந்தக் குச்சிகளுக்கிடையே ஓடி ஒளித்தது.

அப்பால் ஒருவர் வீச்சுவலையோடு நின்றார்.

"தம்பி, இது என்ன மரம்?"

"அது கண்ணா. அங்கால நீட்டுக் காயோட நிக்கிறது கண்டல். கறிக்கு உதவாது அம்மா."

"இந்த வேர் ஏன் மேல பாத்து வருது?"

"தெரியாதணை."

"உப்புத் தண்ணியில எப்பிடி உயிரோட நிக்குது?"

"நான் றால் பாக்க வாறனான் அம்மா, மரத்தைப் பாக்க வாறேல்ல" என்று அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பக்கம் நடந்துவிட்டார். இன்னும் நின்றால் இன்னும் கேட்பாள் என்ற பயம்.

இரஞ்சிதத்துக்குத் தோட்டக்காரியின் பழக்கம் ஒன்று உண்டு. தெரியாத செடி என்றால் இலையை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கண்ணா இலையொன்றைப் பிடுங்கி வெயிலில் பிடித்தாள். மேலே பொடிப்பொடியாய் ஏதோ மினுங்கியது. நக்கினாள். உப்பு! சுத்தமான கறியுப்பு!

"அடி கள்ளி" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னாள். "குடிச்ச உப்பை இலையால துப்பிறியோ?"

அடுத்த வெள்ளியும் அம்மன் கோயிலுக்குத்தான் வெளிக்கிட்டாள். அதற்கடுத்த வெள்ளியும். ஒரு நாள் தண்ணீர் வற்றிக் கிடந்தது, ஒரு நாள் இடுப்பளவு நின்றது. ஒரு நாள் கொக்குகள் மட்டும் வந்தன. கண்டல் மரத்தில் தொங்கிய நீட்டுக் காய்களைக் காய் என்றுதான் முதலில் நினைத்தாள். சேற்றில் விழுந்து நட்டுக்குத்தாய் நின்ற ஒன்றின் தலையில் இரண்டு இலைகளைக் கண்ட பிறகுதான் விளங்கியது. அது காயில்லை, கன்று. மரமே கன்றை வளர்த்து இறக்கி விடுகிறது. ஒன்றின் கழுத்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அது விழுந்தால் அந்த இடத்திலேயே குத்தி நிற்குமா, தண்ணீர் இழுத்துக்கொண்டு போகுமா? பார்க்காமல் இருக்க ஏலாது போலிருந்தது.

சேலைக் கரையில் சேற்றோடு வீட்டுக்குள் நுழைவாள். "படகால இறங்கேக்க" என்பாள். கனகசபை ஒன்றும் கேட்கமாட்டார். முகம் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி சுருங்கிக்கொண்டு வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுடைய கவனம் முழுக்கத் தாம்போதியில்.

ஆடி பிறந்து ஒரு வெள்ளி. அவள் வீட்டுக்குள் வரும்போது அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸ் கட்டிலில் திறந்து கிடந்தது. கனகசபை அவளுடைய சேலைகளைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன். வாற கிழமை பதுளைக்குப் போறம்."

"ஆவணி இன்னும் வரேல்லையே?"

"ஆவணி வந்தென்ன, விட்டென்ன. நான் தோத்திட்டன்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நீர் வெள்ளிக்கு வெள்ளி அம்மனிட்டப் போய் என்ன கேட்டனீர் எண்டு எனக்கு விளங்காதோ? இந்த ஊரை விட்டுப் போகவேணும் எண்டுதானே? அதையும் பொறுத்தனான். இண்டைக்குத் தேத்தண்ணிக் கடையில தம்பையா சொல்லுறான்…" கையிலிருந்த சேலையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"என்னவாம் தம்பையா அண்ணைக்கு?"

"பஸ் கண்டக்டர் கண்டவனாம். 'உன்ர மனிசி தாம்போதியில இறங்கி, சேத்துக்குள்ள நிண்டு மரத்தை நக்குது. பேய் பிசாசு பிடிச்சிருக்கும், ஒருக்கால் கழிப்புக் கழிச்சுப் பார்' எண்டுறான்."

"மரத்தை இல்லை, இலையை" என்றாள் இரஞ்சிதம்.

கனகசபை அப்படியே கதிரைக் கரையில் குந்திவிட்டார். "அப்ப உண்மைதானோ? பிடிக்காத ஊரில கொண்டுவந்து அடைச்சு, உமக்குப் புத்தி பேதலிக்கப் பண்ணிப்போட்டன். உமக்கு ஒண்டு நடந்தால் எனக்கு வேலணை என்னத்துக்கு?"

சூட்கேஸுக்குள் எல்லாம் இருந்தது. பதுளைக் குளிர் இருந்தது, மகள் இருந்தாள், போஞ்சிப் பந்தல் இருந்தது. வாய் திறக்காமல் நின்றால் போதும், வெற்றி அவளுக்கே. ஆனால் அந்த மனுஷன் குனிந்து இருந்த இருப்பு அவளுக்குத் தாங்கவில்லை. அந்த மஞ்சள் கழுத்துக் கன்றும் இன்னும் விழவில்லை.

"நான் அம்மனிட்டப் போகேல்ல" என்றாள்.

"என்ன?"

"ஒரு வெள்ளியும் போகேல்ல. அந்தக் காட்டைப் பாக்கத்தான் போனனான்."

"அம்மன்ர பேரில பொய்யோ?"

"பேர் அம்மன்ர, பொய் என்ர. அதை நானும் அம்மனும் பேசித் தீர்ப்பம்."

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"சொன்னால் நீங்கள் வெண்டிருப்பியளே!"

கனகசபை அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. "அப்ப நான் வெண்டிட்டனோ?"

"நீங்கள் எங்க வெண்டது? நீங்கள் காட்டின இடம் ஒண்டும் எனக்குப் பிடிக்கேல்ல. இது நானாக் கண்டுபிடிச்ச இடம்."

"சரி. அப்ப இருப்பீரோ, போவீரோ?"

"அந்தச் சேலையளை எடுத்து வையுங்கோ. சுருட்டினது நீங்கள்தானே, மடிக்கிறதும் நீங்கள்தான்."

அன்றைக்கே கஜாலினி கோல் எடுத்தாள். "அம்மா, உண்மையா இலையை நக்கினனீங்களோ?" "ஓம். நீயும் வந்து நக்கிப் பார்" என்று இரஞ்சிதம் போனைக் கனகசபையிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளி இரண்டு பேருமாய் நயினாதீவுக்குப் போனார்கள். முதலில் அம்மன், பிறகுதான் காடு என்று கனகசபை ஒரே பிடி. இரஞ்சிதம் அம்மனிடம் கொஞ்ச நேரந்தான் நின்றாள். என்ன பேசித் தீர்த்தாள் என்று சொல்லவில்லை. வரும் வழியில் மணி அடிக்க முன்பே கண்டக்டர் தாம்போதியில் பஸ்ஸை நிற்பாட்டினார்.

"இண்டைக்கு ஐயாவும் நக்கப் போறாரோ?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

"ஓமடா தம்பி, வாறதெண்டால் நீயும் இறங்கு" என்றார் கனகசபை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

இரஞ்சிதம் அதற்குள் கண்டலடிக்குப் போய்விட்டாள். மஞ்சள் கழுத்துக் கன்று கொப்பில் இல்லை. அவள் குனிந்து சேற்றைத் துழாவினாள்.

"இஞ்ச ஒண்டு நிக்குது" என்றார் கனகசபை.

"அது பழசு. இலை விட்டிட்டுது."

"அப்ப இது?"

"அது தடி, கண்ணாடியைப் போடுங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குள் காலை வைத்தார். "தண்ணி வடக்கால இழுக்குது. அங்கால போயிருக்குமோ?" என்று கேட்டார். இரஞ்சிதத்துக்கும் தெரியவில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் காட்டின பக்கமாய் நடந்தாள்.