கஞ்சி போட்ட நூல்

இன்றைக்கும் டீசல் லொறியைக் கண்டால் எனக்குக் கஞ்சிதான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளில் மருதமுனையில் என் வீட்டோடு சேர்ந்தே கராஜ் வைத்திருந்தேன். சாகாமத்திலிருந்து நெல் ஏற்றும் ஹனிபா காக்காவின் லொறியில், புழுதிக்கு என்ஜின் ஒயில் சீக்கிரமே கறுத்துவிடும். இருக்கிற பில்டருக்குத் துணையாக இன்னொன்று செய்து தருவதாக வாயை விட்டுவிட்டேன்.

இரும்புக் குழாயை வெட்டி இருபுறமும் மூடி, உள்ளே மனைவியின் தறியில் மிஞ்சிய நூலை இறுக்கி அடைத்தேன். அதை என்ஜினில் பூட்டி, லொறியை ஸ்டார்ட் செய்தோம். ஒரு பக்கம் ஒயில் உள்ளே போனது. மறுபக்கம் ஒரு சொட்டும் வரவில்லை.

“இந்த என்ஜின் போச்செண்டா நான் கடக்கரையில மீனுக்குக் கரவல இழுக்கத்தான் போகணும் தம்பி,” என்றார் காக்கா.

கழற்றி நூலை வெளியே இழுத்தேன். எட்டிப் பார்த்த மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இஞ்சாருங்க, இது பாவு நூல். தறியில அறாம இருக்கக் கஞ்சி போட்டது. இதுக்குள்ளால எண்ணெய் எப்படிப் போகும்?”

நெசவூரான மருதமுனையில் பிறந்தவனுக்கு இதுவா மறக்கும்! அவளே வெந்நீரில் கஞ்சி போக அலசி, வெயிலில் காயவைத்துத் தந்தாள். அதை அடைத்துப் பூட்டி, புது ஒயிலும் ஊற்றி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்த காக்கா, ஒயில் கம்பியை உருவித் தன் வெள்ளைச் சட்டைக் கையிலேயே துடைத்தார். தேன் நிறம். “பாத்தியா தம்பி!” என்று அந்தக் கையாலேயே என்னைக் கட்டிப்பிடித்தார்.

பிறகு பல லொறிகளுக்குச் செய்தேன். வந்த சாரதிகள் யாரும் என் வெல்டிங்கைப் பார்க்கவில்லை. என் மனைவியை அக்கா முறை வைத்து அவர்கள் கேட்டது ஒன்றுதான்: “நூல ராத்தாதானே கழுவினா?”

“ஓம்,” என்பேன். எனக்கும் அதுதான் தைரியம்.