நூற்றிருபது வோல்ட் குக்கர்

2005 ஜூலையில் ஊருக்குப் போகும் வழியில் சுவிட்சர்லாந்தில் மூன்று நாள் தங்கினோம். இடம் ட்சூக் என்ற சின்ன ஏரிக்கரை நகரம். சூரிச்சிலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு பத்திரிகையைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடும். நியூஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். "ஏரி இருக்கு" என்று சொல்லி என் மனைவி நிறுத்திக்கொண்டாள்.

ஏரி மட்டும் இல்லை, அவளுக்கு ஒரு வேலையும் அங்கே இருந்தது. அவள் ஒரு மருந்து நிறுவனத்தின் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். அந்த நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் ட்சூக்கில். செப்டம்பரிலிருந்து அங்கே ஒரு சிறு குழுவைப் பொறுப்பேற்று நடத்த வரமுடியுமா என்று மே மாதம் கேட்டிருந்தார்கள். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நான் "பாக்கலாம்" என்றேன். மே மாதத்தில் சொன்னதையே ஜூனிலும் சொன்னேன்.

காரணம் ஒரு தேதி. நியூஜெர்சியில் நாங்கள் இருந்த மான்மவுத் ஜங்ஷனில் அந்த நாட்களில் நம்மவர்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர் என்பது. இரண்டாவது, "உங்க டேட் என்ன?" கிரீன் கார்டுக்கான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தேதியைத்தான் அப்படிக் கேட்பார்கள். அதை வைத்துத்தான் வரிசையில் நமக்கு இடம். நோன்பு திறக்கும் கூட்டத்திலும் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்திலும் ஆண்கள் பேசியது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். என் தேதி 2002 செப்டம்பர். முதல் கட்ட அனுமதியே இன்னும் வரவில்லை. விண்ணப்பம் என் நிறுவனத்தின் பெயரில் இருந்ததால், வேலையை விட்டால் தேதியும் போய்விடும். பிறகு எந்த நிறுவனம் மூலம் போட்டாலும் வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும்.

மனைவியின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். அமெரிக்காவுக்கு வந்த முதல் ஐந்து வருடம் அவள் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. 2003இல் தன் பெயரில் வேலை விசா கிடைத்த பிறகுதான் பரிசோதனைக் கூடத்துக்குள் கால் வைத்தாள். அவளுடைய பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு இந்தப் பொறுப்பு உனக்கு என்று சொன்னது இந்த ட்சூக் வேலைக்குத்தான் முதல் தடவை. அதை அவள் என்னிடம் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. "டூரிஸ்டா மட்டும் போவோம் மச்சான். வேலையப் பத்திப் பேச வேணாம். ஊரு புடிக்குதான்னு பாப்போம்" என்றாள்.

எங்கள் கூட்டத்தில் யாரும் குக்கர் இல்லாமல் வெளியூர் போவதில்லை. நயாகராவானாலும் ஃபுளோரிடாவானாலும் காரின் டிக்கியில் அரிசியும் ரசப்பொடியும் ஊறுகாயும் ஒரு மின்சாரச் சோற்றுக் குக்கரும் ஏறிவிடும். போகிற இடத்தில் ஹலால் கிடைக்குமோ கிடைக்காதோ என்பது ஒரு காரணம். இரண்டு நாள் சோறு இல்லாவிட்டால் எனக்குத் தலை வலிக்கும் என்பது இன்னொரு காரணம். மோட்டல் அறையின் கதவிடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டி வைப்பது, புகையைக் கண்டு கத்தும் கருவிக்கு அங்கே கொடுக்கும் ஷவர் தொப்பியை மாட்டிவிடுவது எல்லாம் ஒருவர் சொல்லி ஒருவர் கற்றவை. அதனால் ட்சூக்குக்கும் எங்கள் குக்கர் கைப்பையில் வந்தது. கூடவே, எந்த நாட்டுச் சுவருக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்த ஒரு அடாப்டரையும் வாங்கியிருந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தோம். தங்கியது ஐந்தாறு அறைகள் கொண்ட ஒரு விடுதி. அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி தனியாக நடத்திக்கொண்டிருந்தார். அறை ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிந்தது. நகரத்துக்கு மேற்கே ஏரி, தென்கிழக்கே மலை. நியூஜெர்சியில் தொழுகைக்கு வடகிழக்கு நோக்கி நிற்போம், ஊரில் மேற்கு. இங்கே கணக்குப் போட்டுப் பார்த்தால் தென்கிழக்கு வந்தது. மலையைப் பார்த்து நின்று அஸர் தொழுதோம்.

பிறகு கரையோரம் நடந்தோம். தண்ணீர் தெளிவாக இருந்தது, வாத்துகள் கூட்டமாக இருந்தன, வேலை முடிந்தவர்கள் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தமாகப் பேசியவர்கள் நாங்கள்தான். வழிகாட்டிப் புத்தகத்தில் படித்திருந்ததை நான் சொல்லிக்கொண்டு வந்தேன். 1887ஆம் வருடம், இதுவும் ஒரு ஜூலை மாதம்தான், இந்தக் கரையின் ஒரு பகுதி வீடுகளோடு ஏரிக்குள் சரிந்துவிட்டது. அதற்கு நானூற்றைம்பது வருடங்களுக்கு முன்னாலும் அப்படி ஒரு தெரு போயிருக்கிறது.

"வீடு பாக்க வந்த இடத்துல வீடு முங்கின கதைதான் கெடச்சுதா ஒங்களுக்கு?" என்றாள் மனைவி.

"வீடு பாக்க வரலையே. டூரிஸ்ட்டுன்னு சொன்னே."

"ஆமா, டூரிஸ்ட்டுதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பால்கனிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏழு வயது மகள் ஒரு ரொட்டிக்கடைக் கண்ணாடி முன் நின்றுவிட்டாள். அந்த நகரத்தின் பெயர்பெற்ற செர்ரி கேக் அங்கே வரிசையாக இருந்தது. அதில் சாராயம் ஊற்றித்தான் செய்வார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

"ஹவ் டு யூ நோ?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"யுவர் புக் ருயின்ஸ் எவ்ரிதிங், அத்தா" என்றாள்.

அறைக்குத் திரும்பி மனைவி அரிசி கழுவிப் போட்டாள். நான் கதவிடுக்கில் துண்டை வைத்துவிட்டு அடாப்டரைச் சுவரில் செருகி, குக்கரின் பொத்தானை அழுத்தினேன். வழக்கமாகத் தண்ணீர் சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அன்று உடனே உறுமியது. மூடி தடதடவென்று ஆடியது.

"பரவாயில்லையே, இங்க கரண்ட் நல்லா இருக்கு" என்றேன்.

அந்த வாக்கியத்தை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை. அடியிலிருந்து ஒரு வெடிப்புச் சத்தம் வந்தது, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது, மேசை விளக்கு அணைந்தது. கீழே ஓடிக்கொண்டிருந்த வானொலி பாதி வார்த்தையில் நின்றது. ஜூலை மாதமாதலால் வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். நாங்கள் மூன்று பேரும் குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அமெரிக்க மின்சாரம் நூற்றிருபது வோல்ட், ஐரோப்பாவில் இருநூற்று முப்பது. அடாப்டர் செருகியின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இது எனக்குத் தெரியாதது அல்ல. அமெரிக்கா வந்த புதிதில் மனைவியின் உம்மா கொடுத்துவிட்ட மிக்ஸி எங்கள் சமையலறையில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரைப் போல மெல்லச் சுற்றியது. ஊர்ச் சாமான் அங்கே ஓடாது என்பது எங்கள் எல்லோருக்கும் பாடம். ஆனால் எங்கள் சாமான் இப்போது அமெரிக்கச் சாமான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

விடுதிப் பெண்மணி மேலே வந்தார். கதவைத் திறந்ததும் ஈரத் துண்டு அவர் காலில் சுற்றியது. அதைக் குனிந்து எடுத்து நாற்காலியில் போட்டார். குக்கரைத் தலைகீழாகப் பிடித்து அடியிலிருந்த எழுத்தைப் படித்தார். அறையில் சமைக்கக் கூடாது என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். சமைத்தே ஆகவேண்டும் என்றால் கீழே தன் சமையலறையை மாலை ஆறு மணிக்கு மேல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். பிறகு போய் ஃபியூஸைப் போட்டார். வானொலி மறுபடி பேசியது.

அன்று ரொட்டியும் தயிரும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டோம். "கரண்ட் நல்லா இருக்கு" என்று மனைவி இரண்டு முறை சொல்லிச் சிரித்தாள். மகளும் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் பழைய நகரத்துக்குப் போனோம். அங்கே நீலமும் வெள்ளையுமாக ஓடு வேய்ந்த ஒரு மணிக்கூண்டு உண்டு. பெரிய கடிகாரத்துக்குக் கீழே இன்னொரு வட்டம், அதற்கு நான்கு முட்கள். ஒன்று கிழமையைக் காட்டுவது, ஒன்று நிலவின் பிறை, ஒன்று மாதம். நான்காவது முள் லீப் வருடத்துக்கானது. ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு நான்கு வருடம் ஆகும். தேதிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவனுக்கு அதைவிட்டு நகரத் தோன்றாது. அந்த முள் அசைவதை யாராலும் பார்க்க முடியாது, ஆனாலும் அது சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஒங்க கிரீன் கார்டு மாதிரி" என்றாள்.

நான் மறுபடியும் அண்ணாந்து பார்த்தேன்.

"நீங்க இந்த முள்ளயே பாத்துக்கிட்டு நில்லுங்க மச்சான். நானும் புள்ளயும் அந்தப் பக்கம் போய்ட்டு வர்றோம்."

அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மகள்தான் சொன்னாள், ஒரு ஸ்கூலைப் பார்த்தார்களாம், விளையாட்டு மைதானத்திலிருந்து ஏரி தெரிகிறதாம். மனைவி தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேலையப் பத்திப் பேச வேணாம்னுதான் சொன்னேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன்" என்றாள்.

"சொல்லு."

"வந்தப்ப விசாவுலயும் சரி, இப்ப கிரீன் கார்டுலயும் சரி, ஒங்க பேப்பர்ல நான் டிபென்டென்ட். இங்க வந்தா என் பேப்பர்ல நீங்க டிபென்டென்ட். எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாருங்களேன்."

"எனக்கு இங்க வேலை கெடைக்குமா?"

"எனக்கு அஞ்சு வருஷம் யாராச்சும் இந்தக் கேள்வியக் கேட்டாங்களா?" கோபமாகக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோல் கேட்டாள்.

சனிக்கிழமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஊருக்குச் சாக்லேட் வாங்க வேண்டும் என்பது திட்டம். சாக்லேட் வாங்கிய பிறகு மனைவி பாத்திரப் பகுதிக்குப் போனாள். மின்சாரச் சாமான்களில் ரொட்டி சுடுவது, பாலாடைக்கட்டி உருக்குவது, முட்டை வேகவைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி இருந்தது. கீழ்த்தட்டில், யாரும் தொடாத மாதிரி, ஒரு சோற்றுக் குக்கர். அவள் அதை எடுத்து, அந்தப் பெண்மணி செய்ததைப்போலவே தலைகீழாகப் பிடித்து எழுத்தைப் படித்தாள். இருநூற்று முப்பது.

"இது நியூஜெர்சில ஓடாதே" என்றேன்.

"தெரியும்."

"சரி, மாமிக்குக் குடுத்துடலாம். ஊர்ல ஓடும்."

"உம்மாகிட்ட ரெண்டு இருக்கு. இது ஊருக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அவளே கூடையில் வைத்தாள்.

அன்று ஆறு மணிக்கு மேல் விடுதியின் சமையலறையில் அந்தக் குக்கரில் சோறு வெந்தது. மனைவி ரசம் வைத்தாள். விடுதிப் பெண்மணி ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறும் ரசமும் வாங்கிக்கொண்டார். ஊறுகாயைக் கரண்டி நுனியில் எடுத்துச் சுவைத்தார். உடனே ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரியின் மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த ஒரு விஷயத்தில் புத்தகம் கூட்டிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டிகளைக் கட்டி முடித்த பிறகு, மனைவி குக்கரைத் துடைத்து அதன் அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கீழே கொண்டுபோனாள். கணக்கு முடிக்க நான் பின்னால் இறங்கினேன். அவள் அந்தப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை உங்கள் நிலவறையில் வைத்திருக்க முடியுமா, செப்டம்பரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கெஞ்சல் இல்லை, சண்டையும் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு திரவத்தில் எதையோ சொட்டுவிட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

பெண்மணி சாவியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். படிக்கட்டு செங்குத்தானது, பெட்டியை யாராவது தூக்கி வர வேண்டும் என்றார்.

நான் தூக்கினேன்.

நிலவறையில் சைக்கிள்களும் பனிச்சறுக்குப் பலகைகளும் ஜாம் பாட்டில்களும் இருந்தன. பாட்டில்களில் பழத்தின் பெயருக்குக் கீழே வருடம் எழுதியிருந்தது. அந்தத் தட்டின் ஓரத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பெட்டியை வைத்துவிட்டு மேலே வந்தபோது, மனைவி வாசலில் பெட்டிகளோடு நின்றிருந்தாள்.

"வச்சிட்டீங்களா?"

"வச்சிட்டேன்."

"ஈரம் இல்லாத எடம்தானே?"

"ஈரம் இல்ல."

சூரிச் போகும் ரயிலில் அவள் மகளின் தலையை வாரிவிட்டபடியே தூங்கிப்போனாள். ஊருக்குப் போன மறுநாள், கடைத்தெருவில் ஒரு இன்டர்நெட் மையத்திலிருந்து சம்மதம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பினாள். ஆகஸ்ட் கடைசியில் நான் என் நிறுவனத்தில் ராஜினாமா கொடுத்தேன். மான்மவுத் ஜங்ஷனில் கொடுத்த பிரிவு விருந்தில் ஒருவர் என் தேதியைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்திருக்கலாமே என்றார். அவருடைய தேதி என்னுடையதற்கு இரண்டு மாதம் பிந்தியது.

செப்டம்பரில் நாங்கள் போனபோது பெட்டி அதே தட்டில் இருந்தது. பக்கத்தில் புதிய ஜாம் பாட்டில்கள் சேர்ந்திருந்தன. அட்டையின் மேல் அந்தப் பெண்மணி பென்சிலால் எங்கள் அறை எண்ணையும், அதற்குக் கீழே, பாட்டில்களில் எழுதுவதைப்போலவே, 2005 என்றும் எழுதியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வீடு இன்னும் கிடைக்கவில்லை. அன்றும் சோறு அவருடைய சமையலறையில்தான் வெந்தது.