பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த மற்றப் பிளக்

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துப் பிழைகள் இருக்கும். சொல்ல வந்ததை நடுவில் மறந்து வேறெங்கோ போய் நிற்பேன். ஆனாலும் இதை யாருக்கும் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதினால் எவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. லண்டனில், மனோர் பார்க் பக்கம், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். நானும் என் கணவரும் மகனும். மகன் பஸ் ஓட்டுகிறான். ஷிப்டில் நிற்கும்போது போன் எடுக்க மாட்டான். என் கணவருக்கு நுரையீரல் பழுதாகி நாலு வருடமாகிறது. படி ஏற முடியாததால் அவருடைய கட்டிலை முன் அறையில் போட்டிருக்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மூச்சுக்கான ஒட்சிசன் மெஷின் இரவும் பகலும் ஓடும். அந்த இரைச்சலில்தான் நான் நித்திரை கொள்வேன். அது நின்றால் உடனே விழித்துவிடுவேன். நாலு வருடமாக இப்படித்தான். களைப்பு என்று சொன்னால் அவருக்குக் கேட்டுவிடும் என்பதால் அந்தச் சொல்லை நான் வீட்டுக்குள் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்ட சின்னக் கொட்டில் ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் செய்வதுபோல, மீன் பொரிப்பதும் இறைச்சி காய்ச்சுவதும் அங்கேதான். மணம் வீட்டுக்குள் போய் உடுப்பில் ஏறாது. குசினி ஜன்னலால் ஒரு நீள வயரை இழுத்து, அதன் முனையில் இருக்கும் நாலு பிளக் பலகையில் கரண்ட் அடுப்பைப் போட்டுச் சமைப்பேன். இது நடந்ததற்கு முந்தின வருடம் கதவுக்கடியால் ஒரு இங்கிலீஷ் கடிதம் வந்தது. பெயர் இல்லை. பின்னால் சமைக்கிற மணம் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்ததாக மகன் வாசித்துச் சொன்னான். "அம்மா, இனிப் பின்னுக்குச் சமைக்க வேண்டாம். மழை ஒழுகிற இடத்தில கரண்ட் வேற" என்றான். நானும் ஓம் என்று சொன்னேன்.

கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் போட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தமிழ்நாட்டுப் பிள்ளை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள். ஒருநாள் நான் பொரிக்கும்போது அவள் ஜன்னலைச் சாத்தியதைக் கண்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அவள் தோட்டத்துக்கு வந்தால் நான் திரைச்சீலையை இழுத்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள் என் கணவர் ஒன்றும் சாப்பிடவில்லை. கஞ்சி வேண்டாம், இடியப்பம் வேண்டாம். பின்னேரம் போல, "ஒரு பொரிச்ச மீன் துண்டு கிடைச்சா சாப்பிடுவன்" என்றார். வாய் திறந்து கேட்டதே பெரிய விஷயம். குசினிக்குள் பொரித்தால் புகையில் அவருக்கு இருமல் வரும். மகன் வேலையில் இருந்தான். நான் வயரை எடுத்தேன். மூன்று துண்டு சாப்பிட்டார். பிறகு சுவிட்சை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

வெள்ளி காலையில் மகன் போனதும் முதல் வேலையாகக் கொட்டிலைக் கழுவினேன். மீன், மச்சம் சமைத்த இடத்தை வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் எனக்கு விளக்கேற்ற மனம் வராது. இரண்டு வாளித் தண்ணீரை வீசி ஊற்றித் தும்புத்தடியால் கூட்டித் தள்ளினேன். இரண்டாவது வாளி ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் மெஷின் கத்தியது. கரண்ட் நின்றால் அது அப்படிக் கத்தும்.

ஓடிப்போய் அவருடைய குழாயைக் கழற்றி, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் சிலிண்டரில் மாட்டினேன். அது பழக்கம். ஆனால் சிலிண்டரின் முள் பாதிக்குக் கீழே நின்றது. அந்தக் கிழமை நடுவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவர அதைப் பாவித்திருந்தோம். புதிதுக்கு மகன் சொல்லியிருந்தான், இன்னும் வந்து சேரவில்லை.

படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள்தான் கரண்ட் பெட்டி. அரிசி மூட்டையை இழுத்து வெளியே போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறினேன். பெரிய சுவிட்ச் கீழே விழுந்திருந்தது. மேலே தள்ளினேன். டக்கென்று விழுந்தது. திரும்பத் தள்ளினேன். எத்தனை தடவை என்று தெரியாது. கை நோகத் தொடங்கியதும் இறங்கி நின்றேன். மகனுக்கு எடுத்தேன், போன் அடித்துக்கொண்டே இருந்தது. மெஷினில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கிறது. எடுத்தால் இங்கிலீஷில் பேச வேண்டும். எனக்கு நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் மட்டும்தான் இங்கிலீஷ் தெரியும்.

அவர் கட்டிலில் இருந்து, "இஞ்சேரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும்" என்றார்.

"அவ வேலையில இருப்பா."

"நான் மூச்சில இருக்கிறன்" என்றார். இந்த மனுசன் எந்த நேரத்திலும் பகிடி விடுவார்.

செருப்புப் போடாமல் போய் அவளுடைய பெல்லை அடித்தேன். காதில் மாட்டிய ஹெட்போனோடு வந்து கதவைத் திறந்தாள். ஒரே தெருவில் மூன்று வருடம் இருந்தும் அன்றுதான் அவளோடு முதல் முறையாகப் பேசினேன்.

"கரண்ட் போயிட்டுது பிள்ளை. சுவிட்ச் நிக்குதில்லை. அவருக்கு ஒட்சிசன்."

அவள் ஹெட்போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே என் பின்னால் வந்துவிட்டாள். முதலில் சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள். மெஷினில் இருந்த நம்பருக்கு எடுத்துப் பேசினாள். "ஆள் அனுப்புறாங்களாம்மா, ஆனா வர நேரம் ஆகும். அதுக்குள்ள நாம பாத்துடலாம். முள்ளு சிவப்புக்கு வந்தா ஆம்புலன்ஸ கூப்பிட்டுடுவேன், சரியா?" என்றாள். தன் அப்பா எலக்ட்ரீஷியன் என்றும், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவரோடு டார்ச் பிடித்துக்கொண்டு போனவள் என்றும் ஸ்டூலில் ஏறிக்கொண்டே சொன்னாள்.

அவள் செய்த முறையை இப்போதும் கண்ணுக்குள் பார்க்கிறேன். சின்னச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே தட்டினாள். பிறகு பெரியதைத் தள்ளினாள். நின்றது. நான் கும்பிட்டேன். "இருங்கம்மா, இன்னும் இருக்கு" என்று சின்னவற்றை ஒவ்வொன்றாக மேலே போட்டாள். லைட்டுகள் வந்தன. குளிக்கிற அறை வந்தது. பிளக்குகளுக்கான சுவிட்சைப் போட்டதும் எல்லாம் திரும்ப விழுந்தது. எங்கள் பழைய வீட்டில் எல்லாப் பிளக்குகளுக்கும் அந்த ஒரே ஒரு சின்னச் சுவிட்ச்தான். குசினிக்கும் அதுதான், அவருடைய மெஷினுக்கும் அதுதான்.

"பிளக்குல மாட்டியிருக்கிற ஏதோ ஒண்ணுல கரண்ட் லீக் ஆகுது. எல்லாத்தையும் கழட்டுவோம். ஆஃப் பண்ணா பத்தாதும்மா, கழட்டணும்" என்றாள்.

டிவி, கேத்தில், மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், மேல் மாடியில் மகனுடைய சாமான்கள். அவள் படியில் ஏறி இறங்கினாள். நான் குசினியைப் பார்த்தேன். பிரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு பிளக்குகள் இருந்தன. ஒன்று பிரிட்ஜுடையது. மற்றது ஜன்னலால் கொட்டிலுக்குப் போகிற வயருடையது. இடைவெளிக்குள் கையை விட்டேன். இரண்டும் கையில் பட்டன. பிரிட்ஜுடையதை மட்டும் இழுத்துக் கழற்றினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்தேன். மற்றதன் சுவிட்சை நேற்றே நிறுத்திவிட்டேன், நிறுத்தினதில் கரண்ட் எங்கே வரப்போகிறது என்று ஒரு எண்ணம். அவள் சொன்னது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. அதைவிடப் பெரிய காரணம், அந்த வயரை இழுத்தால் அது எங்கே போகிறது என்று அவள் கேட்பாள். கடிதம் எழுதினவளுக்கு முன்னால், வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் மீன் பொரித்தேன் என்று நான் எப்படிச் சொல்வது?

பிரிட்ஜை இழுத்துவிட்டேன் என்று குரல் கொடுத்தேன். மெஷினை மட்டும் மாட்டிப் பார்த்தாள். விழுந்தது.

"வேற ஏதாச்சும் இருக்காம்மா? வெளிய, தோட்டத்துல?"

"இல்லை" என்றேன்.

முன் அறைக்குப் போய் முள்ளைப் பார்த்தேன். சிவப்புக்கு ஒரு விரல் அகலம் இருந்தது. அவருடைய தோள்கள் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கத் தொடங்கியிருந்தன. சிலிண்டரில் அளவைக் குறைத்துவிடச் சொல்லிக் கையால் காட்டினார். சிலிண்டர் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடட்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். நான் குறைக்கவில்லை.

அந்தப் பிள்ளை உள்ளே வந்தாள். "அம்மா, எங்க வீட்டுல இருந்து கரண்ட் எடுத்துடலாம். ஜன்னல் வழியா வயர் இழுத்தா போதும். எங்கிட்ட இருக்கிறது குட்டி வயர். உங்ககிட்ட நீளமா ஏதாவது இருக்கா?"

"இல்லை" என்றேன், இரண்டாவது தடவையாக.

அவர் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகத்தான் பேச முடிந்தது. "இருக்கு... பிள்ளை. பின்னுக்கு... கொட்டில்ல."

அவள் ஓடினாள். நானும் பின்னால் போனேன். சாமியே, அவள் காலில் வெறும் சாக்ஸ். கொட்டில் தரை முழுக்க மஞ்சள் தண்ணீர் நின்றது. மேசைக்கடியில் அந்த நாலு பிளக் பலகை பாதி தண்ணீருக்குள் கிடந்தது. அவள் குனிந்து கையை நீட்டினாள்.

"தொடாதை பிள்ளை" என்று கத்திவிட்டேன். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. "அதுக்குள்ள தண்ணி போயிட்டுது. நான்தான் ஊத்தினனான். நேற்று இவருக்கு மீன் பொரிச்சனான். அந்த வயர் பிரிட்ஜுக்குப் பின்னால மாட்டியிருக்கு, நான் கழட்டேல்லை. உம்மட்டச் சொல்ல வெட்கமாக் கிடந்தது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். குசினிக்குள் போய், பிரிட்ஜைத் தோளால் தள்ளி, அந்தப் பிளக்கை இழுத்தாள். படிக்குக் கீழே போய்ச் சுவிட்சுகளை மேலே போட்டாள். டக் டக் என்று சத்தம் வந்தது. நான் குசினி நடுவில் நின்றபடி விழும் விழும் என்று காத்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. முன் அறையில் மெஷின் இரைந்தது.

குழாயை மெஷினுக்கு மாற்றும்போது முள் சிவப்புக்குள் நின்றது.

அவருடைய மூச்சு இறங்கி வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை அவள் ஈர சாக்ஸோடு எங்கள் சோபா விளிம்பில் இருந்தாள். அவளுடைய போன் ஓயாமல் அடித்தது, எடுக்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினாள். சுவிட்சை நிறுத்தினால் ஒரு கம்பியில்தான் கரண்ட் நிற்குமாம். மற்றக் கம்பி சுவரோடு சேர்ந்தேதான் இருக்குமாம். தண்ணீர் பட்டால் அதுவே போதுமாம், பெரிய சுவிட்ச் ஆட்களைக் காப்பாற்ற விழுந்துவிடுமாம். நான் கத்தியபோது பிளக்குகளின் சுவிட்ச் கீழே இருந்ததால் அவள் தொட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காதாம்.

"ஆனாலும் கத்தினீங்களே, அதுவே போதும்மா" என்றாள்.

தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கும்போது கேட்டாள். "எதுக்கும்மா எங்கிட்ட மறைச்சீங்க? நான் என்ன உங்க மாமியாரா?"

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. "ஐயோ, நான் உங்ககிட்ட தமிழ்ல ஒரு வார்த்தை சொன்னா போதுமே, லெட்டர் எதுக்கு? மீட்டிங் நேரத்துல உங்க வாசன வந்தா பசிக்கும், அதான் ஜன்னல சாத்துவேன்" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டே, "மீன் நல்லாத்தான் இருந்தது" என்றார்.

கடிதத்தை எழுதினது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம். மகன் பின்னேரம் வந்தபோது எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவன் அலுமாரிக்குள் போய் அரிசி மூட்டையைத் திரும்பத் தூக்கி வைத்தான். அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்போதும் மெஷின் ஓடுகிறது, நான் அதன் பக்கத்தில்தான் படுக்கிறேன். களைப்பு அப்படியேதான் இருக்கிறது. சில நாட்களில் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கிடக்கும்போது, வெட்கத்துக்காக நான் சொன்ன ஒவ்வொரு இல்லையையும் அவருடைய மூச்சிலிருந்துதான் எடுத்தேன் என்று நினைப்பு வரும். அவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க மாட்டார்.

எந்தச் சுவிட்சை முதலில் போட வேண்டும், கம்பி எப்படி ஓடுகிறது என்று நான் எழுதியதில் பிழை இருக்கலாம். கரண்ட் வேலை தெரிந்த யாராவது இதை ஒருமுறை பார்த்துத் திருத்திவிடுங்கள், வாசிக்கிறவர்கள் என்னை நம்பிக் கையை வைத்துவிடக் கூடாது. இரண்டு தடவை இல்லை என்று சொன்ன இடங்களை மட்டும் தொட வேண்டாம், அவை சரியாகத்தான் இருக்கின்றன.